ஒரு நாட் பூவுக்கு இரண்டு மாரி

காலையிற் கண்விழித்து மாலையிற் கண்மூடிவிடும் மலர்கள் உலகிற் பல உள. அந்த ஒரு நாள் வாழ்வைத் தன் பெயரிலேயே பொறித்து வைத்திருக்கும் மலரும் ஒன்றுண்டு. ஆங்கிலேயர் அதனை 'டே லிலி' என்பர். 1753ஆம் ஆண்டில் தாவரங்களுக்கு முறையாகப் பெயர் சூட்டிய லின்னேயஸ் என்னும் சுவீடன் நாட்டு அறிஞர் அதற்கு வழங்கிய இனப்பெயர் 'ஹெமரோகாலிஸ்' என்பதாகும். கிரேக்க மொழியில் 'ஹெமரா' என்றால் நாள். 'கல்லொஸ்' என்றால் அழகு. ஒரு நாளின் அழகு என்பதே அப்பெயரின் பொருள். இக்கட்டுரையில் நாம் அதனை 'ஒருநாள் லில்லி' என வழங்குவோம்.

பெரியகல்லாற்றில் இருந்துகொண்டு, எம்மூர் மண்ணிற் காணக்கிடையாத ஒரு பூவைப் பற்றி எழுதுவானேன் என்று வாசகர்கள் வினவலாம். வினா நியாயமானதே. அதற்கு விடை எமது அம்மம்மா.

எமது இல்லத்தின் மூத்தவரான அவர், சில ஆண்டுகளுக்கு முன்னர் கனடாவிலே ரொறன்ரோ நகரில் வாழும் எமது சின்னம்மாவிடம் சென்று ஒரு கோடைகாலம் தங்கி வந்தார். அந்நாட்டின் மாடிகளும் மோட்டார் வீதிகளும் அவர் மனத்தில் நிற்கவில்லை. சின்னம்மா வீட்டு வேலியோரத்தில், ஆடி மாதத்து வெயிலில், நாள்தோறும் காலையிற் புதிதாய் மலர்ந்த செம்மஞ்சட் பூவொன்றே நின்றது. ஊர் திரும்பிய பின்னர் தொலைபேசி மணி ஒலிக்கும் போதெல்லாம், "அந்தப் பூ பூத்திட்டா, மகள்?" என்பதே அவருடைய முதற் கேள்வியாயிற்று. 86 வயதை எட்டியபோது ஒரு நாள் எம்மை அழைத்து, "மனே, அந்தப் பூவ இஞ்ச நம்மட வளவில ஒருக்காப் பாக்கணும்" என்றார். அந்த ஒரு வார்த்தையினால் நாம் கற்றவையே இக்கட்டுரை.

பெயரில் மட்டும் லில்லி

ஒருநாள் லில்லி உண்மையான லில்லி அன்று. லில்லிக்குச் செதில்கள் அடுக்கிய கிழங்கு உண்டு. இலைகள் தண்டிலே தோன்றும். ஒருநாள் லில்லிக்கோ சதைப்பற்றுள்ள வேர்கள். நீண்ட இலைகள் நிலமட்டத்திலிருந்து விசிறிபோல விரியும். அவற்றின் நடுவே இலையற்ற தண்டொன்று எழுந்து, அதன் உச்சியிற் பல மொட்டுக்களைத் தாங்கும். ஒவ்வொரு மொட்டும் ஒரு நாள் விரிந்து வாடிவிடும். மறுநாள் அடுத்த மொட்டு அவிழும். ஆகவே பூவின் ஆயுள் ஒரு நாளாயினும், செடி பல வாரங்கள் பூத்துக்கொண்டே இருக்கும்.

இதன் தாயகம் சீனா, கொரியா, யப்பான் முதலிய கீழைத்தேசங்களாகும். சீனர் இதன் மொட்டுக்களை உலர்த்தித் 'தங்க ஊசி' எனப் பெயரிட்டுச் சமையலிற் சேர்ப்பர். பின்னர் ஐரோப்பாவுக்கும், அங்கிருந்து குடியேறியவர்களோடு அமெரிக்காவுக்கும் அது சென்றது. இன்று ஒன்ராறியோ மாகாணத்து வீதியோரங்களிலும் பள்ளங்களிலும் காடுபோற் பூத்துக் கிடக்கும் செம்மஞ்சட் பூ இதுவே. இவ்வளவு பரந்து கிடந்தும் அச்செடி விதை தருவதில்லை என்பது வியப்புக்குரியது. சாதாரண ஒருநாள் லில்லியின் கலங்களில் 22 நிறமூர்த்தங்கள் உண்டு, இதற்கு 33. மும்மடங்காகிய இவ்வெண்ணிக்கை சரிசமமாகப் பிரியமாட்டாமையால் அது மலடாயிற்று. நிலத்தடியிற் படரும் வேர்த்தண்டினாலேயே அது பரவுகின்றது. அம்மம்மா கண்டு மயங்கிய பூ, ஒரு கைப்பிடி வேராக வீட்டுக்கு வீடு கைமாறி உலகைச் சுற்றி வந்த பூவாகும்.

சிறுமையும் விந்தையும்

ஒருநாள் லில்லியில் இன்று ஓரிலட்சத்துக்கு மேற்பட்ட வகைகள் பெயர் பெற்றுப் பதிவாகியுள்ளன. இவ்வகைகளைப் பதிவு செய்யும் சங்கம் 1946ஆம் ஆண்டில் அமெரிக்காவில் அயோவா மாநிலத்து ஷெனன்டோவா என்னும் சிற்றூரில் நிறுவப்பெற்றது. அதன் விதிப்படி, 3 அங்குலத்துக்குக் குறைந்த அகலமுடைய பூ 'குறும்பூ' எனப்படும். 3 அங்குலம் தொடக்கம் நாலரை அங்குலத்துக்கு உட்பட்டது 'சிறுபூ' எனப்படும். அளவை வைத்து இவ்வாறு பிரிப்பதைப் போலவே வடிவை வைத்தும் பிரிப்பர். இதழின் நீளம் அகலத்தைப் போல நான்கு மடங்கோ அதற்கு மேலோ இருந்தால் அது 'சிலந்தி' வகை. இதழ்கள் நுள்ளிவிட்டாற் போலக் குவிந்தும், முறுக்குண்டும், சுருண்டு தொங்கியும், கரண்டிபோல நுனி அகன்றும் இருப்பின் அவை 'விந்தை வடிவம்' என்னும் வகுப்பிற் சேரும்.

இவ்வழகையெல்லாம் ஆக்கியோர் யாவர்? பெருங்கொழும்பான நிறுவனங்கள் அல்ல. பெரும்பாலும் தம் வீட்டுத் தோட்டத்தில் நின்ற மனிதரே. முதன்முதலாக மனிதக் கையினாற் கலப்பினம் செய்து ஒருநாள் லில்லி வகையொன்றைப் புகழ்பெறச் செய்தவர் ஜோர்ஜ் யெல்ட் என்னும் ஆங்கிலேயப் பள்ளி ஆசிரியர். 1890களில் அவர் காட்சிக்கு வைத்த அப்பூவின் பெயர் 'அப்ரிகொட்'. அவருக்குப் பின்னர் இக்கலையை ஆராய்ச்சியாக வளர்த்தவர் நியூயோர்க் தாவரவியற் பூங்காவிற் பணியாற்றிய ஆர்லோ ஸ்ரௌட். 1876இற் பிறந்து 1957இல் மறைந்த அவர், சீனாவில் நாங்கிங் பல்கலைக்கழகத்திற் பணிபுரிந்த அல்பேட் ஸ்ரூவேட் என்பார் அனுப்பிய காட்டுச் செடிகளைத் தம் கலப்புக்களுக்குப் பயன்படுத்தினார். மஞ்சளும் செம்மஞ்சளும் மட்டுமே அறிந்திருந்த தோட்டங்களுக்கு, 1934இல் 'தெரன்' என்னும் கருஞ்சிவப்பு வகை அவர் மூலம் வந்து சேர்ந்தது. தலைமுறை தலைமுறையாக நாற்றுக்களைத் தெரிந்து தெரிந்து மீண்டும் கலந்ததனாற் கிட்டிய நிறம் அது.

குறும்பூக்களின் கதையில் மறக்கவொண்ணாத பெயர் வோல்ற்றர் யப்லொன்ஸ்கி. இந்தியானா மாநிலத்தின் மெரில்வில் என்னும் ஊரில் வாழ்ந்த இவர், 1975இல் 'ஸ்ரெல்லா டி ஓரோ' என்னும் வகையைப் பதிவு செய்தார். பூவின் அகலம் மூன்றங்குலத்துக்கும் குறைவு. செடியின் உயரம் ஓரடியளவே. ஆயினும் ஒரு முறை பூத்து ஓயாமல், கோடை முழுவதும் மீண்டும் மீண்டும் பூக்கும் இயல்பு அதற்கு இருந்தது. 1985இல் ஸ்ரௌட் பெயரால் வழங்கப்பெறும் வெள்ளிப்பதக்கத்தை அது பெற்றது. சிறியதென்று தள்ளப்படாமல் அக்குட்டிப் பூ உலகத்துத் தோட்டங்களை வென்றது.

எம் நிலத்துக் காந்தளும் இக்கதையில் வருகின்றது

கார்த்திகைப் பூ என்று நாம் அழைக்கும் காந்தளை யாரும் அறிவர். கபிலர் பாடிய குறிஞ்சிப்பாட்டில் வரும் 99 மலர்களின் வரிசையில் முதலிடம் பெற்றது காந்தளே. அதன் கிழங்கிலும் விதையிலும் 'கொல்சிசின்' என்னும் கொடிய நஞ்சுண்டு. அந்நஞ்சைக் கொண்டு செடியின் நிறமூர்த்த எண்ணிக்கையை இரட்டிக்கலாம் என்பதை அமெரிக்கத் தாவரவியலாளர் அல்பேட் பிளேக்ஸ்லி 1937இல் வெளிப்படுத்தினார். அம்முறையினால் 22 நிறமூர்த்தங்களை 44 ஆக்கி, தடித்த இதழும் ஆழ்ந்த நிறமும் உடைய ஒருநாள் லில்லிகளைப் பின்வந்தோர் உருவாக்கினர். உயிரைப் பறிக்கும் நஞ்சே வேறொரு பூவுக்குப் புது எழில் தந்தது. ஆயினும் மாணவர்கள் இதனை வீட்டிற் செய்து பார்க்க எண்ணுதல் ஆகாது. அது ஆய்வுகூடத்தில், அறிந்தவர் மேற்பார்வையிற் செய்யத்தக்கது. காந்தட் கிழங்கைச் சிறுவர் கையிற் படவிடாதிருத்தலே இல்லத்தார் கடன்.

சின்னம்மாவின் பயணப் பெட்டி

அம்மம்மாவின் ஆசையைக் கேட்ட சின்னம்மாவுக்கு இருப்புக்கொள்ளவில்லை. "வேரக் கழுவி, ஈரக் கடதாசியில சுத்தி, சீலைகளுக்கு நடுவில வைச்சுக் கொண்டு வாறன்" என்று தொலைபேசியிற் கூறினார். வெளிநாட்டிலிருந்து வரும் உறவினர் பலர் இவ்வாறு செய்ய எண்ணுவது வழக்கமே. நாம் அதனை வேண்டாமென்றோம். காரணங்கள் இரண்டு.

முதலாவது, சட்டம். 1999ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கத் தாவரப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, முன்னனுமதியும் உரிய நோயின்மைச் சான்றிதழும் இன்றிச் செடிகொடிகளை இலங்கைக்குள் எடுத்து வருதல் ஆகாது. இதனை வெறும் அலுவலகக் கெடுபிடி என்று நினைத்தல் தவறு. 1869ஆம் ஆண்டில் இலங்கையின் கோப்பிச் செடிகளில் துருநோய் என்னும் பூஞ்சண நோய் முதன்முதலாகக் கண்டறியப்பட்டது. அதன்பின் இருபதாண்டுகளுக்குள் இந்நாட்டுக் கோப்பித் தொழில் அழிந்து, மலைநாடு தேயிலைக்கு மாறியது. ஒருநாள் லில்லிக்கும் தனியான துருநோய் ஒன்றுண்டு. ஆசியாவிலிருந்த அந்நோய் 2000ஆம் ஆண்டிலேதான் அமெரிக்காவிற் காணப்பட்டது. செடிகள் கைமாறக் கைமாற, மிகச் சில ஆண்டுகளுக்குள் அந்நாட்டின் பல மாநிலங்களுக்கும் பரவிவிட்டது. ஒரு கைப்பிடி வேரோடு என்ன வந்து சேரும் என்பதை வெறுங்கண்ணாற் காண இயலாது.

இரண்டாவது, காலநிலை. பெரியகல்லாறு மட்டக்களப்பிலிருந்து கல்முனை செல்லும் நெடுஞ்சாலையில், களுவாஞ்சிகுடிக்கும் ஓந்தாச்சிமடத்துக்கும் கோட்டைக்கல்லாற்றுக்கும் தெற்கே உள்ளது. கிழக்கே கடல், மேற்கே வாவி, நடுவே ஒடுங்கிய மணற்றரை. ஆண்டு மழையிற் பெரும்பகுதி ஐப்பசி தொடக்கம் தை வரை வாடைக் காற்றோடு பெய்து தீரும். ஆனி, ஆடியில் மேற்கிலிருந்து கச்சான் காற்று அனலாய் வீசும். அக்காலத்தில் எமது கிணற்று நீரும் சற்றே உவர்க்கும். கனடாவின் ஒருநாள் லில்லிகளுட் பல, பனிக்காலத்தில் உறங்கி எழுந்தாலன்றிச் செழியாதவை. இலையுதிராத வேறு வகைகள் புளோரிடாவின் வெப்பத்தில் நன்கு வளர்வதுண்டு. இலங்கையில் அப்பூவுக்கு இயல்பாக ஒத்த இடம் நுவரெலியா போன்ற குளிர்ந்த மலைநாடே. வேலியோரத்து வகையை எம் மணலில் நட்டால் இலை தழைக்கலாம், பூவுக்கு உறுதியில்லை. முதிய கண்கள் வெறும் இலையைப் பார்த்துக்கொண்டிருப்பதில் என்ன பயன்?

மேல்காற்றின் மலர்

இந்நிலையில், எமது கிணற்றடியே எமக்கு வழிகாட்டிற்று. அம்மம்மா இளமையில் நட்ட பூக்கன்றுகள் அநேகமாக யாவும் 2004 டிசெம்பர் 26ஆம் திகதி கடலோடு போயின. அன்று எம்மூர் இழந்தவற்றின் முன் பூக்கன்றுகளைப் பற்றிப் பேசுதல் தகாது. ஆயினும் அடுத்தடுத்த மழைகளில் மண்ணின் உப்புக் கரைந்தபின், கிணற்றடியில் வெங்காயத் தாள் போன்ற இலைகள் சில தலைகாட்டின. அவை வெண்ணிற மழை லில்லிகள்.

மழை லில்லியை அறியாதார் இரார். நீண்ட வரட்சிக்குப் பின் ஒரு நல்ல மழை பெய்தால், சில நாட்களில் நிலத்திலிருந்து ஒரு சாண் தண்டு எழுந்து, தண்டுக்கு ஒரு பூவாக விரியும். ஓரிரு நாட்களில் வாடிவிடும். ஆறு இதழ், ஆறு கேசரம், நடுவே ஒரு தம்பம் என்ற அமைப்பு ஒருநாள் லில்லியினதைப் போன்றதே. தாவரவியலில் அது வேறு குடும்பம். இதன் தாயகமோ அமெரிக்கக் கண்டங்கள். வில்லியம் ஹேர்பெட் என்னும் ஆங்கிலப் பாதிரியார் 1821இல் இதற்குச் 'செபிராந்தெஸ்' எனப் பெயரிட்டார். மேல்காற்றின் மலர் என்பது அதன் பொருள். பெயர் எம்மூருக்குப் பொருந்தவில்லை. இங்கே மேல்காற்றாகிய கச்சான் அதனை உறங்க வைக்கும், வாடைதான் எழுப்பும்.

ஹேர்பெட் பாதிரியார் தாமே பல கலப்பினங்களைச் செய்து பார்த்தவர். அவருடைய சோதனைகளைச் சார்ள்ஸ் டார்வின் தம் நூலில் எடுத்தாண்டுள்ளார். இன்று இந்தோனேசியா, தாய்லாந்து முதலிய வெப்ப நாடுகளில், வீட்டு முற்றத்துச் சாடிகளிலேயே மழை லில்லிகளைக் கலந்து, செம்மஞ்சள், இருநிறம், பல அடுக்கிதழ் எனப் புதுப்புது வடிவங்களை ஆக்குவோர் பலர் உளர். ஒருநாள் லில்லி குளிர்நாட்டாருக்கு எதுவோ, மழை லில்லி எம்போன்ற கரையோர மக்களுக்கு அதுவாகும். கிணற்றடியில் வெள்ளை இருந்தது. அயல்வீட்டு மாமியிடம் மஞ்சளும் சிறிய இளஞ்சிவப்பும் இருந்தன. மஞ்சளையும் இளஞ்சிவப்பையும் கலந்தால் அம்மம்மா கண்ட நிறத்தை அண்மிக்கலாம் அன்றோ என்று வீட்டுப் பிள்ளைகள் கேட்டனர். உயர்தர வகுப்பில் உயிரியல் பயிலும் தங்கை கொப்பி ஒன்றைத் திறந்து திகதியிட்டாள்.

முதல் மாரி

2021ஆம் ஆண்டு ஒக்டோபர் மழையோடு வேலை தொடங்கிற்று. மஞ்சட் பூ விரிந்த காலையில், இளஞ்சிவப்புப் பூவின் கேசரம் ஒன்றைப் பறித்து, அதன் மகரந்தத் தூளை மஞ்சட் பூவின் குறியிலே தடவினோம். மூன்று வாரமளவில் மூன்று புடைப்புடைய காய்கள் முற்றி வெடித்தன. உள்ளே கருங்கடதாசித் துண்டுகள் போன்ற தட்டை விதைகள். சிரட்டைகளின் அடியில் துளையிட்டு, மணலும் கூட்டுப்பசளையும் சமமாகக் கலந்து நிரப்பி, விதைகளைத் தூவினோம். இரு வாரத்துக்குள் பசும் மயிர் போல முளைகள் எழுந்தன. வீட்டில் ஒரே கொண்டாட்டம்.

ஓராண்டு கழிந்து, 2022 ஒக்டோபரில் அவை பூத்தன. அத்தனையும் மஞ்சள்! தாயை உரித்து வைத்தாற் போன்ற மஞ்சள். அம்மம்மா கைத்தடியை ஊன்றி வந்து பார்த்தார். "இது மாமிட பூத்தானே, மனே?" என்றார். குறை கூறும் தொனி அதில் இல்லை. ஆனால் அவருக்கு அப்போது 87 வயதாகிவிட்டிருந்தது. இன்னும் ஓராண்டு காத்திருக்கச் சொல்ல எமக்கு நாவெழவில்லை.

எங்கே பிழைத்தோம்? கொப்பியைப் புரட்டிய தங்கையே கண்டறிந்தாள். பிழைகள் இரண்டு. ஒன்று, பூ விரிந்த பின்னர் நாம் மகரந்தம் தடவினோம். அதற்கு முன்னரே பூவின் சொந்த மகரந்தம் குறியில் விழுந்திருக்கக் கூடும். மற்றது, மழை லில்லிகளுட் சிலவற்றுக்கு ஒரு விசித்திர இயல்பு உண்டு. வேற்று மகரந்தம் பட்டாலும், தந்தையின் பங்கை ஏற்காது தாயின் நகலாகவே விதை தரும். இதனை 'அப்பொமிக்சிஸ்' என்பர். அத்தகைய செடியைத் தாயாகக் கொண்டாற் புதிதாக ஒன்றும் பிறவாது. ஆயினும் அதன் மகரந்தம் பயனுடையதே. அதனைத் தந்தையாகக் கொள்ளலாம். ஆகவே தாயையும் தந்தையையும் மாற்றிப் பார்த்தலே உபாயம்.

இரண்டாம் மாரி

அம்முறை இளஞ்சிவப்பைத் தாயாக்கினோம். நாம் கைக்கொண்ட முறையைச் சற்று விரித்துக் கூறுதல் மாணவர்க்கு உதவும். ஒருநாள் லில்லிக்கும் அடிப்படை இதுவே.

நாளை விரியவிருக்கும் மொட்டை இன்று பின்னேரமே தெரிந்துகொள்ள வேண்டும். அது நிறங்காட்டிப் பருத்திருக்கும். இதழ்களை மெல்ல நெகிழ்த்தி, ஆறு மகரந்தக்கூடுகளையும் சிறு சாமணத்தால் ஒவ்வொன்றாக அகற்றிவிட வேண்டும். ஒன்று தப்பினாலும் உழைப்பு வீண். பின்னர் எறும்பும் தேனீயும் பிற மகரந்தத்தைக் கொண்டு வாராதபடி, குளிர்பானம் உறிஞ்சும் குழாயில் ஓரங்குலத் துண்டு வெட்டி, ஒரு முனையை மடித்து, குறியின் மேல் தொப்பிபோல மாட்ட வேண்டும். மறுநாட் காலையில், மழையும் பனியீரமும் இல்லாத வேளையில், தொப்பியைக் கழற்றி, தந்தைப் பூவின் உலர்ந்த மகரந்தத்தைக் குறியிலே தடவி, மீண்டும் தொப்பியிட வேண்டும். மகரந்தம் நனைந்தாற் கெட்டுவிடும். மாரிகாலத்தில் இது பெருந்தொல்லை. ஆதலால் தந்தைப் பூவை முதல் நாளே பறித்து வீட்டினுள்ளே நீர்க்குவளையில் வைத்திருந்தோம். இறுதியாக, காம்பில் நிறநூல் ஒன்றைக் கட்டி, கொப்பியில் தாயின் பெயரை முதலிலும் தந்தையின் பெயரைப் பின்னும் எழுத வேண்டும். உலகெங்கும் கலப்பினம் செய்வோர் கைக்கொள்ளும் ஒழுங்கு அது. எழுதாத கலப்பு நடக்காத கலப்பே.

11 பூக்களில் இவ்வாறு செய்தோம். ஐந்து அடைமழையில் அழுகி விழுந்தன. இரண்டு காய்க்கவில்லை. நான்கு காய்கள் கிடைத்தன. முளைத்த நாற்றுக்கள் 37. மாரி வெள்ளம் முற்றத்தில் நின்ற கிழமையில் ஒன்பது அழுகின. எஞ்சிய 28 கிழங்குகளையும் கச்சான் காலத்தில் தென்னை நிழலுக்கு மாற்றி, உவர் குறைந்த மழைநீரைப் பீப்பாயிற் சேமித்து, கிழமைக்கு இருமுறை மட்டும் தெளித்தோம். அக்காலத்தில் அவை இலை சுருங்கி உறங்குவது போலிருக்கும். செத்துவிட்டன என்று எண்ணி எறிந்துவிடுதல் புதியோர் செய்யும் தவறு.

2023ஆம் ஆண்டின் ஐப்பசி மழை பெய்த ஆறாம் நாள் முதற் பூ அவிழ்ந்தது. இளஞ்சிவப்பு. அடுத்ததும் இளஞ்சிவப்பு. அந்த மாரியிற் பூத்த 28இல் 21 தாயின் நிறமே. எவ்வளவு கவனித்தும் சொந்த மகரந்தம் தப்பியிருக்க வேண்டும். ஏழு மட்டும் வேறுபட்டன. மஞ்சளுமன்றி இளஞ்சிவப்புமன்றி, பழுத்த கொய்யாவின் உட்சதைக்கும் மாலை வானுக்கும் இடைப்பட்டதொரு நிறம். அவ்வேழனுள் ஒன்று மற்றவற்றிலும் சிறியது. விரித்தால் இரண்டங்குலம் இராது. அதன் இதழ்கள் ஒடுங்கி, நுனி பின்னோக்கிச் சுருண்டிருந்தன. ஒருநாள் லில்லியாக இருந்திருந்தால் 'விந்தை வடிவம்' என்று எழுதியிருப்பார்கள்.

அம்மம்மாவைத் திண்ணையிலிருந்து கைத்தாங்கலாக அழைத்து வந்தோம். அவர் குனிந்து நெடுநேரம் பார்த்தார். இது அவர் கனடாவிற் கண்ட பூவன்று என்பது அவருக்குத் தெரியும், எமக்கும் தெரியும். அதன் பாதியளவும் இல்லை. சாமியறைக்கென்று கடைக்குட்டி அதனைப் பறிக்கக் கை நீட்டியபோது, "பறிக்காத, மனே. ஒரு நாளைக்குத்தானே இருக்கப் போகுது, அதில நிக்கட்டும்" என்றார். பின்னேரம் வரை திண்ணையை அவ்விடத்தை நோக்கித் திருப்பிப் போட்ட கதிரையிலேயே இருந்தார். மறுகா, உள்ளே செல்லும்போது, "அது அவளுட பூ. இது நம்மட பூ" என்று மட்டும் கூறினார். புகைப்படத்தைக் கண்ட சின்னம்மா தொலைபேசியில் ஒன்றும் பேசாமற் சற்று நேரம் இருந்துவிட்டு, "இத நான் இஞ்ச கொண்டு வரலாமா?" என்று கேட்டார். அந்நாட்டிலும் அதற்குச் சட்டமுண்டு என்று சொல்லிச் சிரித்தோம்.

வாசகர்களுக்கு

இரு எச்சரிக்கைகள் கூற வேண்டும். மழை லில்லியின் கிழங்கு சிறு வெங்காயத்தைப் போலிருக்கும், ஆனால் நஞ்சுடையது. அடுக்களைப் பக்கம் அதனை வைத்தலாகாது. குழந்தைகள் வாயில் வைக்க விடலாகாது. ஒருநாள் லில்லியின் மொட்டைச் சீனர் உண்பர் என்று கேட்டு, பெயரொற்றுமையால் இதனையும் உண்ண முனைதல் பேராபத்து. அவ்வாறே, மலைநாட்டிலோ வெளிநாட்டிலோ ஒருநாள் லில்லி வளர்ப்போர் வீட்டுப் பூனைகளை அதனிடம் அண்டவிடலாகாது. மனிதர் உண்ணும் அப்பூ பூனையின் சிறுநீரகத்தை அழித்து உயிரைக் கவரும்.

செலவென்று பார்த்தால், எமக்கு ஒரு சாமணமும் ஒரு கொப்பியும் சில நூற்கண்டுகளுமே தேவைப்பட்டன. சிரட்டை வளவிலேயே கிடைத்தது. மேல்நாட்டாரின் பதிவேட்டில் எமது சிறு பூ இடம்பெறவில்லை. பெறவேண்டும் என்ற எண்ணமும் எமக்கில்லை. கிழங்கு பிரிந்து இப்போது ஒன்பதாகியுள்ளது. அயல்வீட்டு மாமிக்கு இரண்டு கொடுத்தோம். மஞ்சள் அவருடையது அல்லவா!

பிள்ளைகளோ அத்துடன் நிற்கவில்லை. மாறுபட்ட ஏழையும் தமக்குள்ளே கலந்தால் அடுத்த தலைமுறையில் என்னென்ன வடிவங்கள் தோன்றும் என்று அறிய ஆவலுற்று, கொப்பியிற் புதிய பக்கத்தைத் தொடங்கியுள்ளனர். வாசகர்களும், சிறப்பாகப் பாடசாலை மாணவர்களும், வரும் மாரியில் தத்தம் வளவிலே இரு நிற மழை லில்லிகளைத் தேடி எடுத்து இதனைச் செய்து பார்க்கலாம். முதலாண்டு பூப்பது பழைய பூவாகவே இருக்கக் கூடும். அப்போது மனஞ்சோராது, பிழை எங்கே என்று கொப்பியைப் பாருங்கள். அடுத்த மழைக்கு இன்னும் சில மாதங்களே உள்ளன.